"ஆம்" என்று குறித்த பிறகு என்ன நடக்கும் என்று சொல்லுங்கள்

துணைவர் விசா விதிகளை எழுதுகிறவர்களுக்கும், அந்த விதிகளை வைத்து எங்கள் கோப்புகளில் முடிவெடுக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் எந்த நாட்டின் குடிவரவுத் துறையில் வேலை பார்த்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். எங்கள் விண்ணப்பம் எந்த நாட்டில் நிலுவையில் இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. ஓர் அலுவலகத்தின் மேல் புகார் சொல்ல இதை எழுதவில்லை. ஏறக்குறைய எல்லா நாட்டுப் படிவத்திலும் வரும் ஒரு கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறேன். "நீங்கள் எப்போதாவது ஏதேனும் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?" பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஆம், இல்லை.

என் கணவர் "ஆம்" என்று குறித்தார்.

அந்தச் சம்பவம் நடந்தபோது அவருக்கு 22 வயது. இரவில் நண்பர்களோடு நின்றிருந்த இடத்தில் வாய்ச்சண்டை வந்து, அது கைகலப்பாகி, இவர் அடித்ததில் எதிரே இருந்தவரின் தாடை எலும்பு உடைந்துவிட்டது. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பத்து மாதச் சிறை. அதை அனுபவித்துவிட்டு வெளியே வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகு அவர் பெயரில் ஒரு வழக்கும் இல்லை.

இதை அவர் என்னிடம் சொன்னது எங்கள் மூன்றாவது சந்திப்பில். "கேட்டுவிட்டு நீங்கள் எழுந்து போனாலும் நான் தப்பாக நினைக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். நான் எழுந்து போகவில்லை, நிறையக் கேள்விகள் கேட்டேன். அடிபட்டவர் இப்போது எப்படி இருக்கிறார் என்றும் கேட்டேன். தெரியாது என்றார். விசாரித்துத் தெரிந்துகொள்ளும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்ததாகச் சொன்னார். அவரை நம்பலாம் என்று நான் முடிவு செய்தது அந்தப் பதிலைக் கேட்டபோதுதான். யோசித்து எடுத்த முடிவு அது. திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகியும் மாறவில்லை.

நான் ஒரு நாட்டின் குடிமகள். அவர் இன்னொரு நாட்டில் இருக்கிறார். துணைவர் விசாவுக்கு விண்ணப்பித்து மூன்றாவது ஆண்டு நடக்கிறது.

விண்ணப்பத்தை நிரப்பிய இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் அங்கே, நான் இங்கே, இரண்டு திரைகளிலும் ஒரே படிவம். அந்தக் கேள்வி வந்ததும் இரண்டு பேரும் பேசுவதை நிறுத்திவிட்டோம். அதற்கு முந்தைய வாரங்களில் எங்களுக்கு அறிவுரை சொன்னவர்கள் பலர். அவர்களில் பாதிப் பேர் சொன்னது ஒன்றுதான்: "இல்லை என்று போடுங்கள். எப்போதோ, எங்கேயோ நடந்தது. யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?" கெட்ட எண்ணத்தில் அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் மேல் இருந்த அக்கறைதான் அப்படிச் சொல்ல வைத்தது. இந்த அறிவுரை இவ்வளவு சுலபமாக வருவதற்கு உங்கள் படிவமும் ஒரு காரணம் என்பதுதான் என் வாதம்.

அந்த அறிவுரை ஆபத்தானது என்பது எனக்குத் தெரியும். இதைப் படிக்கும் விண்ணப்பதாரர்களுக்காகவும் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் பொய்த் தகவல் கொடுத்து விசா மறுக்கப்பட்டால், பொதுவாக அடுத்த 3 ஆண்டுகளுக்குப் பல வகை விசாக்கள் கிடைக்காது. கனடாவில் உண்மையை மறைத்ததாக முடிவானால் 5 ஆண்டுகள் நுழைய முடியாது. அமெரிக்காவில் விசாவுக்காக முக்கியமான ஒன்றை வேண்டுமென்றே மறைத்தால் தடை ஆயுளுக்கும் நிற்கும். அதற்கு விலக்கு பெற இன்னொரு நீண்ட விண்ணப்பம் போட வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் குடிவரவுக்காகக் கைரேகைத் தகவலைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கின்றன. குற்றத்தால் மட்டும் மறுக்க முடியாத ஒரு விசா, அந்தக் குற்றத்தை மறைத்ததால் மறுக்கப்படலாம். ஆகவே உண்மையைச் சொல்லுங்கள் என்றுதான் நானும் யாருக்கும் சொல்வேன்.

ஆனால் கொஞ்சம் கவனியுங்கள். பொய் சொன்னால் எத்தனை ஆண்டு என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறீர்கள். உண்மை சொன்னால் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. "ஆம்" என்று குறித்ததும் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. குற்றம், தேதி, தண்டனை, இன்ன அளவுக்கு மேல் எழுத்துகள் கூடாது. நிரப்பினோம். அடுத்த பக்கம் வந்தது. எங்கள் வாழ்க்கையிலேயே சொல்வதற்கு மிகக் கடினமான விஷயத்தை உங்களிடம் ஒப்படைத்தோம். அதற்குப் பிறகு, ஆவணங்கள் கேட்டதைத் தவிர, அடுத்து என்ன நடக்கும் என்று ஒரு வார்த்தை கூட எங்களுக்கு வரவில்லை.

சரி, அந்தக் கேள்விக்கே வருகிறேன். "தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா" என்பது நேரான கேள்வி போலத் தெரியும். உண்மையில் அது நாட்டுக்கு நாடு அர்த்தம் மாறுகிற கேள்வி.

பிரிட்டனில் 1974-இல் ஒரு சட்டம் வந்தது. தண்டனை முடிந்து குறிப்பிட்ட காலம் ஒழுங்காக வாழ்ந்தால், பெரும்பாலான வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பழைய குற்றத்தைச் சொல்லத் தேவையில்லை என்றது. நல்ல சட்டம். ஆனால் 2012 அக்டோபரிலிருந்து குடிவரவு, குடியுரிமை முடிவுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. "உன் குற்றம் காலாவதியாகிவிட்டது" என்று சட்டமே சொன்ன ஒருவர், அதை நம்பி "இல்லை" என்று குறித்தால் மாட்டிக்கொள்வார். அமெரிக்காவில் பல மாநிலங்களின் நீதிமன்றங்கள் பழைய தண்டனைப் பதிவை அழித்துத் தருகின்றன. ஆனால் 1996-இல் மாற்றப்பட்ட குடிவரவுச் சட்டத்தின்படி அப்படி அழிக்கப்பட்டதும் பெரும்பாலும் தண்டனையாகவே எண்ணப்படுகிறது. நீதிபதி "இது முடிந்தது" என்று கையெழுத்துப் போட்ட தாளை வைத்துக்கொண்டு ஒருவர் தவறான கட்டத்தில் குறியிடுகிறார். அவர் பொய்யர் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறைக்கே போகாமல், ஒழுங்காக இருந்தால் போதும் என்று விடப்பட்டவர். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விசாவுக்குத் தடையாகும் 12 மாதத் தண்டனை வரம்பைக் கணக்கிடும்போது அதுவும் சிறைத்தண்டனையாகவே சேரும். ஆஸ்திரேலியச் சட்டத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரண்டு குற்றங்களுக்கு ஆறு ஆறு மாதம் விதித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் அனுபவிக்கலாம் என்று நீதிபதி சொன்னால், அந்த ஆள் உள்ளே இருந்தது ஆறு மாதம். குடிவரவுக் கணக்கில் இரண்டும் தனித்தனியாகக் கூட்டப்பட்டு 12 மாதம் ஆகிவிடும். 12 மாதம் என்றால் "கணிசமான குற்றப் பின்னணி" என்ற வகைக்குள் வந்துவிடுவார். தண்டனை விதித்த நீதிபதிக்கு இப்படி ஒரு விளைவு மனதில் இருந்திருக்காது. ஒப்புக்கொள்ளச் சொன்ன வக்கீலுக்கும் தெரிந்திருக்காது.

கனடா வேறு வழியில் போகிறது. உங்களுக்கு என்ன தண்டனை கிடைத்தது என்பதைவிட, அதே செயலுக்குக் கனடாவின் சட்டம் அதிகபட்சமாக என்ன தண்டனை வைத்திருக்கிறது என்பதையே முதலில் பார்க்கிறார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கான அதிகபட்சத் தண்டனை 2018 டிசம்பர் 18 முதல் 5 ஆண்டுகளிலிருந்து 10 ஆண்டுகளாக உயர்ந்தது. அன்றிலிருந்து அது "கடுமையான குற்றம்" என்ற வகைக்குப் போய்விட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு வேறொரு நாட்டில் அபராதம் மட்டும் கட்டிவிட்டு வந்தவர்கூடக் கனடா எல்லையில் அந்த வகையில்தான் நிற்பார். குடித்துவிட்டு ஓட்டுவதை நான் சிறியதாகப் பேசவில்லை, அது உயிரைப் பறிக்கும். ஆனால் அபராதம் கட்டிய அன்றே விஷயம் முடிந்தது என்று நினைத்தவருக்கு, முடியவில்லை என்று யார் சொல்வது? விமான நிலையத்தில் அதிகாரியின் மேசைக்கு முன்னால்தான் அவர் அதைத் தெரிந்துகொள்கிறார்.

அமெரிக்கச் சட்டத்தில் "ஒழுக்கக்கேட்டை உள்ளடக்கிய குற்றம்" என்று ஒரு சொற்றொடர் இருக்கிறது. 1891-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அது தொடர்ந்து வருகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று சட்டம் இன்றுவரை விளக்கவில்லை. நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு விளக்கிக்கொண்டிருக்கின்றன. ஒரே ஒரு சிறு குற்றம், அதற்கு அதிகபட்சத் தண்டனை ஓராண்டுக்கு மேல் இல்லை, விதிக்கப்பட்டதும் ஆறு மாதத்துக்கு மேல் இல்லை என்றால் விதிவிலக்கு உண்டு. இது நல்ல விதி. ஆனால் இந்த விதி இருக்கிறது என்று படிவத்தில் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு வரி போட்டிருந்தால், எத்தனை பேர் பயமில்லாமல் உண்மையைச் சொல்லியிருப்பார்கள்!

இது எங்களைப் போன்ற பெயர் தெரியாதவர்களின் பிரச்சினை மட்டும் இல்லை. பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனனுக்கு 1968-இல் லண்டனில் கஞ்சாப் பிசின் வைத்திருந்ததற்காக 150 பவுண்ட் அபராதம் விதிக்கப்பட்டது. சிறைத்தண்டனை எதுவும் இல்லை. 1971-இல் அவரும் மனைவி யோகோ ஓனோவும் அமெரிக்காவுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டே அவரை வெளியேற்றும் நடவடிக்கை தொடங்கியது. 1973 மார்ச்சில் வந்த தீர்ப்பைப் பாருங்கள்: யோகோவுக்கு நிரந்தரமாகத் தங்க அனுமதி, லெனன் 60 நாளில் வெளியேற வேண்டும். ஒரே வீட்டில் இருந்த கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே நாளில் வந்த இரண்டு முடிவுகள் அவை. அன்றைய பிரிட்டன் சட்டத்தில், தன்னிடம் போதைப்பொருள் இருப்பது தெரியாமல் வைத்திருந்தாலும் குற்றம்தான். அப்படிப்பட்ட தண்டனையை வைத்து ஒருவரைத் தடுக்க முடியாது என்று 1975 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1976 ஜூலையில் அவருக்குக் கிரீன் கார்டு கிடைத்தது. அரசியல் காரணங்களும் அந்த வழக்கில் கலந்திருந்தன என்பது தெரிந்த விஷயம். ஆனால் என் மனதில் நிற்பது அந்த 60 நாள்தான். வாதாட வக்கீல்களும் பணமும் புகழும் இருந்தவருக்கே நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஜப்பானின் சட்டம் ஓராண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை பெற்றவரையும், போதைப்பொருள் குற்றத்துக்காக எந்தத் தண்டனை பெற்றவரையும் காலக்கெடு இல்லாமல் தடுக்கிறது. 1994-இல் கால்பந்து வீரர் மரடோனாவுக்கு அப்படித்தான் விசா மறுத்தார்கள், அர்ஜென்டினா அணியே ஜப்பானில் நடக்கவிருந்த போட்டிக்குப் போகவில்லை. 2002 உலகக் கோப்பையின்போது அவருக்குச் சிறப்பு அனுமதி கிடைத்தது. கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். விதிவிலக்கு தர உங்களால் முடியும் என்பதற்கு அது சாட்சி. அந்த விதிவிலக்கை எப்படிக் கேட்பது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

ஆவணங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் கணவர் வேலைக்காக மூன்று நாடுகளில் இருந்திருக்கிறார். மூன்று நாடுகளின் காவல்துறைச் சான்றிதழும் வேண்டும். ஒன்று மூன்று வாரத்தில் வந்தது. இன்னொன்றுக்கு நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது வருவதற்குள் முதலாவது பழசாகிவிட்டது. சான்றிதழுக்கு 12 மாதம் ஆயுள். எங்கள் விண்ணப்பத்துக்கு அதைவிட நீண்ட ஆயுள். அதனால் ஒவ்வோர் ஆண்டும் மறுபடி வாங்குகிறோம். ஒவ்வொரு முறையும் அதே ஒரு வரிதான் அதில் இருக்கிறது.

அப்புறம் நீதிமன்றக் கோப்பு. தண்டனை விதித்தபோது நீதிபதி என்ன சொன்னார் என்ற முழுப் பதிவு கேட்டீர்கள். நியாயமான கேள்வி. சொல்லப்போனால் எங்களுக்குத்தான் அது அதிகம் வேண்டும். என் கணவர் அன்றே ஒப்புக்கொண்டதும், இளவயது என்று நீதிபதி குறிப்பிட்டதும் அதில் இருந்தன. ஆனால் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு பழைய கோப்புகளை அழித்துவிடுவது அந்த நீதிமன்றத்தின் வழக்கம். அழித்துவிட்டோம் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டோம். அந்த ஒரு கடிதத்துக்கு ஏழு மாதம். தண்டனைப் பதிவு மட்டும் எங்கேயும் அழியாமல் இருக்கிறது. அவருக்குச் சாதகமாகப் பேசக்கூடிய தாள்தான் முதலில் காணாமல் போயிருக்கிறது. "ஆவணம் இல்லை" என்பதை விண்ணப்பதாரர் எதையோ மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.

இடையில் என் அம்மா இறந்துபோனார். இறுதிச் சடங்குக்கு வருவதற்காக என் கணவர் குறுகிய காலப் பயண விசா கேட்டார். மறுத்துவிட்டார்கள். கடிதத்தில் இரண்டு காரணங்கள். நிரந்தரமாக வருவதற்கான விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால், வந்தால் திரும்பிப் போவார் என்ற நம்பிக்கை இல்லையாம். இரண்டாவது, குற்றப் பின்னணி. அன்று நான் கூட்டத்துக்கு நடுவில் தனியாக நின்றேன். என்னைவிட அவர்தான் அதிகம் அழுதார், திரையில். திரும்பிப் போவேன் என்பதற்கு என்ன ஆதாரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். யாரும் கேட்கவில்லை.

இனி மறுபக்கம். நீங்கள் கேட்பதற்கு முன் நானே பேசிவிடுகிறேன்.

துணைவர் விசாவை வழியாக வைத்துக்கொண்டு கொடுமை செய்தவர்கள் இருக்கிறார்கள். மொழி தெரியாத நாட்டுக்குத் துணையை வரவழைத்து, வெளியே யாரிடமும் பேசவிடாமல் அடித்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் அமெரிக்கா 2006 ஜனவரியில் சட்டமான ஒரு விதியின் மூலம், வருங்கால மனைவியை அல்லது கணவரை வரவழைக்கும் குடிமகன் முன்பு குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டிருந்தால், அதை வரப்போகிறவரிடம் அதிகாரிகளே சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் செய்தவர்கள் குடும்பத்தை ஸ்பான்சர் செய்வதை அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம் பெரும்பாலும் தடுத்தது. ஆஸ்திரேலியாவில் 2016 நவம்பர் 18 முதல் துணைவர் விசாவுக்கு ஸ்பான்சர் செய்பவரும் காவல்துறைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். நியூசிலாந்தும் ஆதரவு தரும் துணைவரின் நடத்தையைப் பார்க்கிறது. இவை எல்லாவற்றையும் நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஒரு பெண்ணாகச் சொல்கிறேன், வரப்போகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும். பயந்து போய் மறுப்பதற்கும், திரும்பிப் போவதற்கும் அவருக்கு வழி இருக்க வேண்டும்.

அந்த விதிகளில் எனக்குப் பிடித்தது, இன்ன குற்றம், இன்ன ஆபத்து, இன்னாரைப் பாதுகாக்க என்று அவை குறிப்பாகப் பேசுவதுதான். எங்கள் கோப்பில் நடப்பது அப்படி இல்லை. பாதுகாக்கப்பட வேண்டிய ஆள் நான்தான் என்றால், என்னிடம் ஒரு முறையாவது பேசியிருக்கலாம். அவருடைய குற்றம் எனக்குத் தெரியுமா, எப்போது தெரியும், தெரிந்துதான் மணந்தேனா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

இந்தக் கேள்வி நானாகக் கண்டுபிடித்தது இல்லை. 2001 ஆகஸ்டில் ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், ஒரு சுவிஸ் பெண்ணின் கணவரான வெளிநாட்டவரின் வழக்கை விசாரித்தது. கொள்ளைக் குற்றத்துக்காக இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றவர் அவர். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க சுவிட்சர்லாந்து மறுத்திருந்தது. குடும்ப வாழ்வுக்கான உரிமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியலையும் அது கொடுத்தது. குற்றம் எவ்வளவு கடுமையானது, அதற்குப் பிறகு எவ்வளவு காலம் ஆகிறது, அந்தக் காலத்தில் அவர் எப்படி நடந்துகொண்டார், திருமணம் எத்தனை ஆண்டாக நிலைத்திருக்கிறது, குழந்தைகள் இருக்கிறார்களா, உறவைத் தொடங்கும்போது துணைவருக்குக் குற்றம் தெரியுமா, கணவரின் நாட்டில் போய் வாழ்வதானால் மனைவிக்கு என்ன கஷ்டம் வரும். இதைப் படித்தபோது என் தொண்டை அடைத்துக்கொண்டது. நாங்கள் சொல்ல ஆசைப்பட்ட எல்லாவற்றையும் கேட்பதற்கு ஒரு நீதிமன்றம் ஏற்கனவே வரிசை போட்டு வைத்திருக்கிறது.

காலக்கெடு வைப்பதும் முடியாத காரியம் இல்லை. நியூசிலாந்துச் சட்டம் 5 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை பெற்றவரை எப்போதும் விலக்கி வைக்கிறது. ஆனால் 12 மாதத் தண்டனை என்றால் கடந்த 10 ஆண்டுகளுக்குள் நடந்ததா என்று பார்க்கிறது. அதற்கும் மேல் சிறப்பு உத்தரவு கேட்க வழி உண்டு. கனடாவில் தண்டனை முழுவதும் முடிந்து 5 ஆண்டு ஆனபின் "நான் திருந்திவிட்டேன்" என்று ஆதாரத்தோடு விண்ணப்பிக்கலாம். கடுமையான வகையில் வராத ஒரே ஒரு குற்றம் என்றால் 10 ஆண்டு கழிந்தபின் தானாகவே திருந்தியவராகக் கருதப்படவும் வாய்ப்பு உண்டு. ஐரோப்பாவின் புதிய பயண அனுமதித் திட்டமான எட்டியாஸ், பட்டியலிட்ட குற்றங்களைப் பற்றி, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் நடந்தவற்றை மட்டும் கேட்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. "எப்போதாவது" என்ற சொல் இல்லாமலும் ஒரு நாட்டின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இவற்றை எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் விலக்கு முறையில் ஒன்று என்னை உறுத்துகிறது. குற்றம் நடந்து 15 ஆண்டுகள் ஆகாதவருக்கு, அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவராகவோ இருக்கும் துணைவரோ பெற்றோரோ பிள்ளையோ "மிகக் கடுமையான துன்பம்" அடைவார் என்று நிரூபிக்க வேண்டும். பிரிவின் வேதனை, பணக் கஷ்டம் போன்ற வழக்கமான விளைவுகள் மட்டும் அதற்குப் போதாது. அதாவது கணவனும் மனைவியும் பிரிந்திருப்பது எதிர்பார்க்கக்கூடிய, சாதாரணமான துன்பம் என்று விதி எடுத்துக்கொள்கிறது. மனைவிக்கு நோய் இருந்தால் வலுவான கோப்பு. அவள் திடகாத்திரமாக, வேலைக்குப் போய்க்கொண்டு, இரவில் தனியாக அழுதால் பலவீனமான கோப்பு. குடும்பம் சமூகத்தின் இயல்பான, அடிப்படையான அலகு, அதற்கு அரசின் பாதுகாப்பு உண்டு என்று 1966-இல் ஐநா ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கை 23-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. உங்களில் பெரும்பாலான நாடுகள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன.

நான் கேட்பது எல்லாக் கதவையும் திறந்துவிடுங்கள் என்று இல்லை. என் கணவருக்கு விசா கொடுத்தே ஆக வேண்டும் என்றுகூட இந்த மடலில் கேட்கவில்லை.

"ஆம்" என்ற கட்டத்துக்குக் கீழே ஒரு பத்தி எழுதுங்கள். இந்த நாட்டில் எது தண்டனையாக எண்ணப்படும், அழிக்கப்பட்டதும் நிறுத்திவைக்கப்பட்டதும் சேருமா, எத்தனை ஆண்டுக்கு முந்தையதைப் பார்ப்போம், அதன்பின் விண்ணப்பம் யாரிடம் போகும், பொதுவாக எவ்வளவு காலம் ஆகும், விலக்கு கேட்க என்ன வழி. பயத்தோடு உட்கார்ந்திருக்கிற இரண்டு பேர் அதை அந்த இடத்திலேயே படிக்க வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவருக்கும் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். அதைப் படித்த பிறகும் பொய் சொல்பவரிடம் எவ்வளவு கடுமையாக நடந்துகொண்டாலும் நான் எதிர்ப்புச் சொல்லமாட்டேன்.

மறுப்பதற்கு முன் எங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவரிடம் மட்டும் இல்லை, என்னிடமும். நேரில் வேண்டாம், காணொளியில் அரை மணி நேரம் போதும். 22 வயதில் அடித்தவரைப் பற்றி உங்களிடம் ஒரு வரி இருக்கிறது. 37 வயதில் இருப்பவரைப் பற்றி என்னிடம் நிறைய இருக்கிறது.

ஒன்று மறந்துவிட்டேன். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் பக்கத்தில், மூன்றாவது ஆண்டாக ஒரே சொல்தான் எங்களுக்குத் தெரிகிறது: "பரிசீலனையில்". பின்னணிச் சரிபார்ப்பு முடிந்ததா, கோப்பை யாராவது திறந்தார்களா, எதற்காகவாவது காத்திருக்கிறீர்களா என்று இன்னும் இரண்டு சொற்கள் சேர்த்தால் உங்களுக்குச் செலவு ஒன்றும் பெரிதாக இருக்காது. நான் தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். அவரும் பார்க்கிறார். பார்த்ததை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை.

என் கணவரின் காவல்துறைச் சான்றிதழ்களில் ஒன்று அடுத்த மாதம் மூன்றாவது முறையாகக் காலாவதியாகிறது. புதிதாக விண்ணப்பிக்க வரும் செவ்வாய்க்கிழமை கைரேகை கொடுக்கப் போகிறார். அதற்கு ஒரு நாள் விடுப்பு எடுத்திருக்கிறார். சான்றிதழ் வந்ததும் வழக்கம்போல எங்கள் கோப்பில் பதிவேற்றுவோம். இந்த முறை அதைத் திறக்கிறவர் கூடவே இந்த மடலையும் படித்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இப்படிக்கு,
நிலுவையில் உள்ள ஒரு விண்ணப்பதாரரின் மனைவி